டையை நிறுத்தி நரைக்கு மாறுவது: கேள்வி பதில்

கேள்வி: இருபது வருஷமா டை அடிக்கிறேன் மேடம். நிறுத்தினா முழுசா நரைக்கு வர எவ்வளவு நாளாகும்?

பதில்: முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். தோள் வரை 30 செ.மீ. இருந்தால் இரண்டரை வருடம். இடுப்பு வரை பின்னல் என்றால் அதைப்போல் இரு மடங்கு. பெர்மனென்ட் டையின் நிறம் முடிக்கு உள்ளேயே உருவாவது. எத்தனை தடவை அலசினாலும் செம்பட்டையாக மங்குமே தவிர போகாது. வளர்கிற அளவுக்கு நுனியை வெட்டிக்கொண்டே வந்தால் நீளம் அப்படியே நிற்கும், சாயம் மட்டும் குறையும்.

கேள்வி: வகிட்டுல வெள்ளைக் கோடு தெரியுதே, கல்யாணத்துக்குப் போகணும்.

பதில்: ரூட் டச்-அப் ஸ்ப்ரே அடியுங்கள், அடுத்த தலைக்குளியலில் போய்விடும். ‘இந்த ஒரு தடவை மட்டும்’ என்று டை அடித்தால், அதுவரை வளர்ந்த நரை முழுக்க வீண். நேர் வகிட்டை விட்டு, சீப்பின் முனையால் வளைத்து வளைத்து எடுத்தால் கோடு உடைந்து தெரியும். வகிட்டில் குங்குமம் வைப்பவர்கள் நெற்றியோடு நிறுத்துவது நல்லது. வெள்ளை முடியில் சிவப்பு ஏறும்.

கேள்வி: பார்லர்ல ப்ளீச் பண்ணி ஒரே நாள்ல மாத்திடலாம்னு சொல்றாங்க. நான் போட்டது பாக்கெட்ல வர்ற கருப்பு மருதாணி.

பதில்: அவசரப்படாதீர்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பெரும்பாலும் பி.பி.டி. (டையில் சேர்க்கும் சாய ரசாயனம்) இருக்கும், உலோக உப்பு இருந்துவிட்டால் ப்ளீச் பட்டதும் சூடேறி முடி அறுந்துபோகும். அவுரி இருந்தால் பச்சை அடிக்கும். சீப்பில் உதிர்ந்த முடியில் இருபது இழையை நூலால் கட்டி, ப்ளீச் பவுடரும் 20 வால்யூம் டெவலப்பரும் (ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள திரவம்) கலந்த கண்ணாடிக் கிண்ணத்தில் 30 நிமிடம் போட்டுப் பாருங்கள். கிண்ணம் சூடானாலோ, ஈர முடி ரப்பர் மாதிரி இழுபட்டாலோ ப்ளீச்சை மறந்துவிட்டு வளரவிடுங்கள்.

இழை தாங்கினாலும் கருப்பு நேராக வெள்ளையாகாது. முதலில் செம்பு, பிறகு ஆரஞ்சு, அப்புறம்தான் மஞ்சள். நரை 8 செ.மீ. வந்தபின் சாயம் உள்ள பகுதியில் மட்டும் மெல்லிய இழைகளாக ஃபாயில் (அலுமினியத் தாள்) வைத்து ப்ளீச்சை, சில மாத இடைவெளியில் இரண்டு மூன்று தடவையாகச் செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: டை விட்டாச்சு, ஆனா நரை மஞ்சளா இருக்கு. என்னை மாதிரி ஆளுங்களுக்கு என்ன வழி? சிகரெட் பழக்கம் உண்டு.

பதில்: புகையும் ஒரு காரணம். வெயிலும், போர் தண்ணீரில் உள்ள இரும்பும் சேர்ந்துகொள்ளும். பக்கெட்டில் பழுப்புக் கறை படிகிறதா பாருங்கள். படிந்தால் இ.டி.டி.ஏ. (உலோகத்தைப் பிடித்து நீக்கும் பொருள்) உள்ள ஷாம்பு மாதம் இருமுறை. மஞ்சளை மட்டுப்படுத்தும் பர்ப்பிள் (ஊதா) ஷாம்பு வாரம் ஒருமுறை, 3 நிமிடம் போதும். ஊறவிட்டால் தலை கத்திரிப்பூ நிறமாகிவிடும்.

கேள்வி: எனக்கு 23 வயசுதான்...

பதில்: முதலில் பி12, தைராய்டு பரிசோதனை. டையா நரையா என்பதை ரிப்போர்ட் வந்தபின் பார்க்கலாம்.