வெளிநாட்டிலிருந்து வந்த வணிகர் ஒருவரின் கொடை இன்றும் இங்கே பயன்படுகிறது என்றால் யாரைச் சொல்வீர்கள்?

டேவிட் சசூன். எனக்கு இந்தப் பெயர் அறிமுகமானது ஒரு ஆட்டோக்காரர் மூலமாக.

சில வருடங்களுக்கு முன் புனேயில் வேலை. கூட வேலை பார்த்தவரின் அப்பாவை ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சசூன் மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். ஆட்டோவில் போகும்போது, "சசூன் என்றால் யார்?" என்று சும்மா கேட்டுவைத்தேன். அவர் திரும்பிப் பார்த்து, "ஆள் இல்லை சார், அது கவர்மென்ட் ஆஸ்பத்திரி" என்றார்.

ஆள்தான். 1792 இல் பாக்தாத்தில் பிறந்த யூதர். அப்பா அங்கே ஆளுநர்களுக்குக் கஜானா பார்த்தவர். ஆளுநர் தாவூத் பாஷா காலத்தில் யூதப் பணக்காரர்களுக்கு நெருக்கடி முற்றியதும், பாரசீகத்தின் புஷேர் துறைமுகத்துக்குத் தப்பி ஓடி, 1832 இல் குடும்பத்தோடு பம்பாய் வந்து சேர்ந்தார். கடைசிவரை பாக்தாத் அங்கியும் தலைப்பாகையும்தான். 1853 இல் பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியபோதும் கையெழுத்து எபிரேய எழுத்தில்தான்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பருத்தி, துணி, அப்புறம் அபின். 1842 இல் முதல் அபின் போர் முடிந்து சீனத் துறைமுகங்கள் திறந்ததும், இரண்டே வருடத்தில் மகன் இலியாஸை அங்கே அனுப்பிவிட்டார். மத்திய இந்தியாவின் மால்வா பக்கத்து அபின் பம்பாய் வழியாகக் கப்பலேறியது. அன்றைய சட்டத்தில் அது குற்றமில்லை; பார்சி வணிகர்களும் செய்தார்கள், பிரிட்டிஷ் அரசும் அதில் வரி வாங்கியது. ஆனாலும் சீனாவில் எத்தனை வீடு கெட்டது என்று யோசித்தால், "வள்ளல்" என்று எழுத எனக்குக் கை வரவில்லை. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கு ஒதுக்குவது யூத மரபு. நம்மூர் வணிகர்கள் மகமை எடுத்துவைப்பார்களே, கிட்டத்தட்ட அது மாதிரி. அபின் லாபத்திலும் அந்தப் பங்கு உண்டு.

1864 இல் புனேயில் இறந்தார். அவர் பணத்தில் எழுந்தவற்றில் எனக்குப் பிடித்த மூன்றையும் அவர் முழுசாகப் பார்க்கவே இல்லை. மருத்துவமனை திறந்தது 1867 இல். கேம்ப் பகுதியில் அவர் தொடங்கிய ஓஹெல் டேவிட் ஜெப ஆலயம் முடிந்ததும் அதே வருடம். செங்கல் சிவப்பில், மணிக்கூண்டோடு நிற்பதால் ஊர்க்காரர்களுக்கு அது "லால் தேவுள்", சிவப்புக் கோயில். மூன்றாவது, மும்பை காலா கோடாவில் இருக்கும் டேவிட் சசூன் நூலகம், 1870. நாணயச்சாலையிலும் கப்பல் பட்டறையிலும் வேலை பார்த்த மெக்கானிக்குகள் 1847 இல் தொடங்கிய சங்கம் அது. அதன் கட்டடத்துக்கு இவர் கொடுத்தது 60,000 ரூபாய். உள்ளே தலைப்பாகையோடு பளிங்குச் சிலையாக நிற்கிறார். மாடி வராந்தாவில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள்; நான் போன மதியம், படித்தவர்களைவிட முகத்தின் மேல் பேப்பரைப் போட்டுத் தூங்கியவர்கள்தான் அதிகம். கீழே அவ்வளவு டிராஃபிக், அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

(காலா கோடா, அதாவது "கறுப்புக் குதிரை", என்ற பெயரே இவர் மகன் ஆல்பர்ட் வைத்த, குதிரை மேல் அமர்ந்த வேல்ஸ் இளவரசர் சிலையால் வந்தது. 1965 இல் சிலையை பைகுல்லா மிருகக்காட்சிசாலைக்குத் தூக்கிப் போய்விட்டார்கள். பெயர் மட்டும் போகவில்லை. 2017 இல் அதே பகுதியில் ஆளில்லாத ஒரு குதிரையை நிறுத்தியிருக்கிறார்கள்.)

மறுபடி மருத்துவமனைக்கு வருகிறேன். 1924 ஜனவரி 12 இரவு. எரவாடா சிறையிலிருந்த காந்திக்குக் குடல்வால் அழற்சி. சசூனுக்குக் கொண்டுவந்தார்கள். கர்னல் மேடாக் என்ற ஆங்கிலேய டாக்டர் அறுவை சிகிச்சை செய்துகொண்டிருக்கும்போதே கரண்ட் போனது. டார்ச் பிடித்தார்கள், அதுவும் அணைந்தது. கடைசியில் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முடித்தார்கள். அந்த அறையை இன்றும் நினைவிடமாக வைத்திருக்கிறார்கள்.

மகன் ஆல்பர்ட் 1875 இல் மும்பை கொலாபாவில் கட்டிய சசூன் டாக் என்ற கப்பல்துறையின் கதை வேறு. பருத்தி வியாபாரத்தை மனதில் வைத்துக் கட்டியது. இப்போது மும்பையின் பெரிய மீன் சந்தை. விடிவதற்கு முன்பே கோலி இனப் பெண்கள் இறால் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்து ஏலம் போடுகிறார்கள். நான் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க, ஒரு அம்மா மராத்தியில் ஏதோ திட்டினார். வழியில் நின்றிருக்கிறேன் போல. பைகுல்லாவில் சசூன் குடும்பம் நடத்திய யூதப் பள்ளிகளிலோ இன்று படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள்.

அவருடைய கல்லறை லால் தேவுள் வளாகத்திலேயே இருக்கிறது. பார்க்க நினைத்தால் முன்கூட்டி அனுமதி கேட்டுவிட்டு, அடையாள அட்டையோடு போங்கள். வாசலில் காவல் உண்டு. அங்கிருந்து மருத்துவமனை பக்கம்தான். ஆட்டோவில் "சசூன்" என்று மட்டும் சொன்னால் போதும்.