பட்டாணியரா, பஷ்தூனா, பக்தூனா?

கேள்வி: பழைய பத்திரிகைகளில் 'பட்டாணியர்', இப்போதைய செய்திகளில் 'பஷ்தூன்', சிலர் 'பதான்' என்கிறார்கள். எல்லாரும் ஒரே ஆட்களா? எதுதான் சரி?

பதில்: ஒரே ஆட்கள்தான். ஆப்கானிஸ்தானிலும் பாகிஸ்தானின் வடமேற்கிலும் வாழ்கிற ஓர் இனத்தார். துபாயில் கணக்கெழுதிக்கொண்டிருந்த நாளில் வாங்கிக் கட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன். எங்கள் கட்டடத்தில் பெஷாவர் பக்கத்து மர்தான் ஊர்க்காரர் ஒருவர் டாக்ஸி ஓட்டினார். மரியாதை என்று நினைத்து ஒருநாள் "பட்டான் பாய்" என்றேன். "அது நீங்கள் வைத்த பெயர். நான் பக்தூன்" என்றார். ரொட்டிக் கடை தந்தூர் அடுப்பருகே நின்ற காந்தஹார்க்காரர் விடவில்லை: "பக்தூன் இல்லை, பஷ்தூன்!"

டாக்ஸிக்காரர் பெட்ரோல் ரசீதைத் திருப்பி ஓர் எழுத்தை எழுதிக் காட்டினார். அரபி 'சீன்' எழுத்துதான், மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. அரபியிலும் கிடையாது, உருதுவிலும் கிடையாது. பெஷாவர் பக்கம் அதைத் தொண்டையைச் செருமுகிற மாதிரி சொல்கிறார்கள். காந்தஹார் பக்கம் நாக்கை மடித்து 'ஷ்'. எழுதினால் ஒரே பெயர், வாயைத் திறந்தால்தான் இரண்டு. மொழியும் அப்படியே, பக்தோ, பஷ்தோ.

பக்தூனுக்குப் பன்மை 'பக்தானா'. அது இந்துஸ்தானியில் 'பட்டான்' ஆகி, நம்மிடம் 'பட்டாணி'யாக வந்து சேர்ந்தது. 'பதான்' என்பது ஆங்கில எழுத்தைப் பார்த்துப் படித்த தமிழ். ஒலிக்கு நெருக்கம் நம் பாட்டன்மார் எழுதியதுதான். (தின்கிற பட்டாணியோடு முடிச்சுப் போடாதீர்கள்.) ஆனாலும் அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்கிறபடி பஷ்தூன் என்றோ பக்தூன் என்றோ எழுதுவதே முறை என்பேன்.

பாகிஸ்தானில் அவர்கள் மாகாணத்துக்கே 2010 வரை அவர்கள் பெயர் இல்லை. 1901-ல் பிரிட்டிஷ்காரர்கள் வைத்த 'வடமேற்கு எல்லைப்புற மாகாணம்'தான். கல்கத்தாவில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது எல்லை, அங்கேயே பிறந்தவருக்கு? 18-வது அரசியல் சட்டத் திருத்தத்தில் 'கைபர் பக்துன்க்வா' ஆனது. அதே மாகாணத்து அபோட்டாபாத் பக்கத்து ஹிந்த்கோ மொழிக்காரர்கள் அதை எதிர்த்துக் கிளம்ப, உயிர்ப்பலி வரை போயிற்று.

கேள்வி: ஆப்கானியர் என்றாலும் பஷ்தூன்தானே?

பதில்: ஒரு காலத்தில் ஆமாம். பாரசீகத்தில் எழுதியவர்கள் 'ஆப்கான்' என்று குறித்தது பஷ்தூன்களைத்தான். ஆப்கானிஸ்தானின் 1964 அரசியல் சட்டம் தாஜிக், ஹசாரா, உஸ்பெக் உட்பட நாட்டில் எல்லாரையும் அந்தப் பெயருக்குள் கொண்டுவந்தது. பஷ்தூன்களில் அதிகம் பேர் இருப்பதோ பாகிஸ்தானில்! பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் நடுவே 1893-ல் போட்ட எல்லையான டூரண்ட் கோட்டின் வேலை. எங்கள் டாக்ஸிக்காரர் பாஸ்போர்ட் பாகிஸ்தான், ரொட்டிக்காரர் பாஸ்போர்ட் ஆப்கானிஸ்தான். பெயர்ச் சண்டை முடிந்ததும், டீக்கு யார் காசு கொடுப்பது என்று அடுத்த சண்டை.