கப்பலில் போவது வேறு, கப்பலைக் கட்டுவது வேறு

பள்ளி முடித்த மகன், கப்பல் கட்டும் தளத்தில் ஃபிட்டர் பயிற்சிக்குச் சேர வேண்டும் என்கிறான். தாய்மாமாவோ, "கப்பல்தான் ஆசை என்றால் மரைன் இன்ஜினியரிங் படிக்கட்டும், கடன் வாங்கிக்கொள்ளலாம்" என்கிறார். நடுவில் நின்று தவிப்பதாக எழுதியிருக்கிறீர்கள் அம்மா. தவிப்பு நியாயம்தான், மாமாவின் யோசனைதான் நியாயமில்லை. மரைன் இன்ஜினியர் ஓடும் கப்பலின் இயந்திர அறையில் மாதக்கணக்கில் இருப்பவர். உங்கள் மகன் எழுதி அனுப்பிய பக்கத்தில் கடலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முழுக்க இரும்பை அளப்பதும் பொருத்துவதும்தான். அவனைக் கடன் வாங்கிக் கடலுக்கு அனுப்பச் சொல்பவர், படிப்பு முடிந்து கப்பலில் இடம் கிடைக்காமல் காத்திருந்தால் தவணையை யார் கட்டுவது என்றும் சொல்ல வேண்டும்.

கல்லூரிப் பட்டியலை உறவினர்கள் ஒப்பித்திருப்பார்கள். அவர்கள் சொல்லாததைச் சொல்கிறேன்.

இன்றைய கப்பல் பிளாக் பிளாக்காக, அதாவது பெரிய பெரிய துண்டுகளாகக் கட்டிச் சேர்க்கப்படுகிறது. தகடுகளைச் சேர்த்துப் பேனல், அதன் மேல் ஸ்டிஃபனர் (தகடு வளையாமல் தாங்கும் பட்டை), பல்க்ஹெட் (உள்தடுப்புச் சுவர்), ஃப்ரேம் (கப்பலின் விலா எலும்பு), பிறகு முழு பிளாக். வரைபடத்தைப் படித்துத் தகட்டில் கோடு போட்டு, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்தி, டேக் வெல்ட் (தற்காலிகமாகப் பிடித்து வைக்கும் சிறு வெல்டிங்) வைத்துப் பிடிப்பவர்தான் ஷிப்ஃபிட்டர். வெல்டர் வருவது அதற்குப் பிறகு. ஃபிட்டர் விட்ட பிழையை வெல்டர் நிரந்தரமாக்கிவிடுவார்.

முதல் வருடம் கவர்ச்சியாக இருக்காது. மூத்த ஃபிட்டருக்குக் கை கொடுப்பது, கிரைண்டிங், பாரம் தூக்கும் சங்கிலிக் கப்பியான செயின் பிளாக்கை இழுப்பது, ஆப்பு அடிப்பது. ஆனால் பள்ளியில் படித்த கணக்கு அங்கேதான் உயிர் பெறும். 3, 4, 5 என்று அளந்து செங்கோணம் எடுப்பார்கள். பேனலின் இரண்டு மூலைவிட்டங்களும் சமமா என்று பார்ப்பார்கள். ஸ்டிஃபனருக்கும் தகட்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருக்கலாம், 3ஐத் தாண்டினால் சரிசெய்ய வேண்டும் என்பது கப்பல்களின் தரத்தைச் சோதித்துச் சான்று தரும் சர்வதேச வகைப்பாட்டுச் சங்கங்களின் வழிகாட்டுதல். வெல்டிங்கில் இரும்பு சுருங்கும் என்பதால் அதற்கும் சேர்த்து முன்பே அளவு விட வேண்டும். வெயிலும் சும்மா விடாது: 30 மீட்டர் எஃகு 20 டிகிரி சூடேறினால் சுமார் 7 மில்லிமீட்டர் நீளும். நுட்பமான அளவுகளைச் சூரியன் ஏறுமுன் எடுப்பது அதனால்தான். இதையெல்லாம் 'கூலி வேலை' என்பவர் ஒருநாள் அந்த வரைபடத்தைப் படித்துக் காட்டட்டும்!

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். முழங்காலும் இடுப்பும் தேயும், காதுக்கும் நுரையீரலுக்கும் ஆபத்து உண்டு. மூடிக் கிடந்த டேங்கில் துருவே ஆக்சிஜனைத் தின்றுவிடும். காற்றைச் சோதித்து ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால்தான் உள்ளே போகலாம். சோதிக்காமல் "சும்மா இறங்கு" என்று யார் சொன்னாலும் இறங்காதே என்று மகனிடம் இப்போதே சொல்லிவையுங்கள். கப்பல் ஆர்டர்களுக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. 2008 நெருக்கடிக்குப் பிறகு பல தளங்கள் தள்ளாடின. ஆனால் வரைபடம் படிக்கத் தெரிந்த ஃபிட்டரைப் பாலம், எண்ணெய்க் கிணற்று மேடை, கடற்காற்றாலைத் தூண் கட்டுபவர்களும் தேடுகிறார்கள். கப்பல் தளத்திலேயே ஃபோர்மேன், தர ஆய்வு, 3டி மாடலிங் என்று நகரவும் வழி உண்டு.

பணத்தில் மட்டும் நான் பிடிவாதக்காரன். நல்ல பயிற்சி என்றால் உதவித்தொகையைப் பயிற்சி தருபவர்கள் தர வேண்டும். சேர்ப்பதற்கோ, வெளிநாட்டுத் தளத்தில் வேலைக்கோ ஏஜென்ட் பணம் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சேருமுன் நேரில் போய்க் கேளுங்கள்: ஒப்பந்தம் தளத்தோடா, காண்ட்ராக்டரோடா? பாதுகாப்புச் சாதனமும் காப்பீடும் யார் பொறுப்பு? எத்தனை மாதத்தில் வரைபடம் கையில் வரும், அல்லது கடைசிவரை கிரைண்டிங்தானா? முடித்தால் எந்தச் சான்றிதழ்? மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள், கேள்விகளை அவனே கேட்கட்டும். பதில்கள் எழுத்தில் வரும்வரை மாமா நீட்டும் கடன் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.