இங்கிலாந்தின் ‘டிக், கெர் லேடீஸ்’ கால்பந்து அணி எப்படி உருவானது? 1921-இல் பெண்கள் கால்பந்துக்கு அரசு தடை போட்டதும் அணி கலைந்துவிட்டதா?

கலையவில்லை. தடை போட்டது அரசும் இல்லை. 1921 டிசம்பர் 5-ஆம் தேதி தடை விதித்தது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். அதற்குப் பிறகும் அணி 1965 வரை ஆடியது. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் தடை எந்த இடத்தில் அடித்தது, அணி எதை வைத்துத் தாக்குப்பிடித்தது என்பது விளங்கும்.

முதலில் தொடக்கம். லங்காஷயரில் உள்ள பிரெஸ்டன் நகரில் டிராம் வண்டிகளும் ரயில் சாதனங்களும் செய்த தொழிற்சாலை டிக், கெர் அண்ட் கம்பெனி. முதல் உலகப் போரில் அது வெடிபொருள் உற்பத்திக்கு மாறியது. ஆண்கள் போர்முனைக்குப் போனதால் அந்த இடங்களில் பெண்கள் வேலைக்குச் சேர்ந்தார்கள். இடைவேளையில் தொழிற்சாலை முற்றத்தில் பையன்களோடு பந்து உதைத்தார்கள். 1917 அக்டோபரில் கிரேஸ் சிபர்ட் என்ற தொழிலாளியின் முனைப்பில் ஆண்களுக்கு எதிராக ஓர் ஆட்டம் நடந்தது. அலுவலகத்தில் வேலை பார்த்த ஆல்ஃபிரட் ஃபிராங்க்லண்ட் அதில் ஒரு வாய்ப்பைக் கண்டு, அணியின் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, பிரெஸ்டன் நார்த் எண்ட் கழகத்தின் டீப்டேல் மைதானத்தில் முதல் பெரிய ஆட்டம். எதிரணி அருண்டெல் கூல்த்தார்ட் வார்ப்படத் தொழிற்சாலைப் பெண்கள். 10,000 பேர் பார்க்க, டிக், கெர் 4-0 என்று வென்றது. வசூல் காயம்பட்ட படைவீரர்களின் மருத்துவமனைக்குப் போனது. அந்த மைதானம் கிடைத்ததற்குப் போரும் ஒரு காரணம். ஆண்களின் லீக் 1915-க்குப் பிறகு நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. காலியான மைதானம், நல்ல காரியத்துக்கான வசூல், பெண்கள் ஆடுகிறார்கள் என்ற புதுமை மூன்றும் சேர்ந்துதான் கூட்டத்தை இழுத்தன.

ஃபிராங்க்லண்ட் ஆள் சேர்த்த விதம் கவனிக்கத்தக்கது. நல்லா ஆடும் பெண்ணை எதிரணியில் பார்த்தால் தொழிற்சாலையில் வேலை வாங்கித் தருவார். ஆட்டத்துக்கு 10 ஷில்லிங் படி உண்டு. பிழைப்பும் பந்தும் ஒரே ஊரில் கிடைத்தால் யார் வரமாட்டார்கள்? செயின்ட் ஹெலன்ஸ் அணியிலிருந்து லில்லி பார் இப்படித்தான் வந்தார். 1905-இல் பிறந்தவர், அணியில் சேர்ந்தபோது வயது 14. ஏறக்குறைய ஆறடி உயரம், இடது காலில் அசாத்திய பலம், ஆடிய இடம் இடது விங். கனமான தோல் பந்து ஈரத்தில் ஊறி இன்னும் கனத்துவிடும் காலம் அது. அந்தப் பந்தை இடது ஓரத்திலிருந்து கோல்முகம் வரை தூக்கி அனுப்பக்கூடியவர் இருந்ததுதான் அணியின் பெரிய ஆயுதம். நடுவில் நின்று அதை வலைக்குள் அனுப்பியவர் ஃப்ளோரி ரெட்ஃபோர்ட். 1921-இல் மட்டும் 170 கோல்கள் அவர் பெயரில் பதிவாகியுள்ளன. நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையில் ஆடிய, ஐந்தடிகூட இல்லாத ஜென்னி ஹாரிஸ் பந்தைக் காலில் ஒட்டவைத்து ஓடுவார். அணித்தலைவி ஆலிஸ் கெல், வலது தடுப்பாட்டக்காரர்.

1920 இந்த அணியின் உச்சம். வசந்த காலத்தில், பிரான்சின் பெண்கள் விளையாட்டு அமைப்பாளர் ஆலிஸ் மிலியா ஏற்பாட்டில் பிரெஞ்சு அணி வந்து நான்கு ஆட்டங்கள் ஆடியது. முதல் ஆட்டத்துக்கு டீப்டேலில் 25,000 பேர். லண்டன் ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜ் மைதானத்தில் நடந்த கடைசி ஆட்டத்தில் பிரான்ஸ் 2-1 என்று வென்றது. அக்டோபரில் டிக், கெர் அணி பிரான்சுக்குப் போய் பாரிஸ், ரூபே, லு ஆவ்ர், ருவான் நகரங்களில் ஆடியது.

டிசம்பர் 16-ஆம் தேதி டீப்டேலில் இரவு ஆட்டம். மின்கம்ப விளக்குகள் மைதானத்துக்கு வராத காலம். போர் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சிலின் அனுமதியோடு, விமானங்களைத் தேடப் பயன்பட்ட ராணுவ ஒளிவிளக்குகள் இரண்டு கொண்டுவரப்பட்டன. அதோடு 40 கார்பைடு விளக்குகள். பழுப்புத் தோல் பந்து அந்த வெளிச்சத்தில் தெரியாது என்பதால் சுண்ணாம்பு அடித்தார்கள். உதைபட்டுச் சேற்றில் உருண்டால் வெள்ளை போய்விடும். அதனால் புதிதாகச் சுண்ணாம்பு அடித்த பந்துகளை அவ்வப்போது மாற்றிக் கொடுத்தார் பிரெஸ்டனின் பழைய வீரர் பாப் ஹோம்ஸ். நடுவில் ஒரு விளக்கு இருமுறை அணைந்தது. ஆட்டம் நிற்கவில்லை. 12,000 பேர் முன்னால் 4-0 வெற்றி.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 26, லிவர்பூல் குடிசன் பார்க் மைதானம். செயின்ட் ஹெலன்ஸ் அணிக்கு எதிரான ஆட்டத்துக்கு உள்ளே 53,000 பேர். வெளியே ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ரெட்ஃபோர்ட் ரயிலைத் தவறவிட்டதால் முதல் பாதியில் ஜென்னி ஹாரிஸ் நடுமுன்களத்தில் ஆடினார். இரண்டாம் பாதியில் ஆலிஸ் கெல் தடுப்பை விட்டு முன்னே வந்து மூன்று கோல் போட்டார். முடிவு 4-0, வசூல் 3,115 பவுன். பெண்கள் கழக ஆட்டம் ஒன்றுக்கு இதைவிடப் பெரிய கூட்டம் வந்தது 2019 மார்ச்சில்தான். அத்லெட்டிகோ மாட்ரிட்–பார்சிலோனா ஆட்டத்துக்கு 60,739 பேர்.

இனி தடை. சங்கம் சொன்ன காரணங்கள் இரண்டு: கால்பந்து பெண்களுக்குப் பொருந்தாத ஆட்டம், வசூலில் பெரும்பங்கு செலவுக்கே போகிறது. இரண்டாவதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பவுனுக்கு 20 ஷில்லிங். ஆளுக்கு 10 ஷில்லிங் என்றால் 16 பேருக்கு 8 பவுன். ரயில் கட்டணம், தங்கும் செலவு, இழந்த கூலி எல்லாம் சேர்த்தாலும் குடிசன் பார்க் வசூலை அது விழுங்கியிருக்க முடியாது. 1921-இல் வேலையையும் விடாமல் 67 ஆட்டங்கள் ஆடியவர்களை நோக்கி இந்தக் குற்றச்சாட்டை வைத்தது அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த ஆண்டு நிலக்கரிச் சுரங்கங்கள் கதவடைப்பால் மூடிக்கிடந்தபோது தொழிலாளர் குடும்பங்களுக்காகவும் பெண்கள் அணிகள் ஆடி நிதி திரட்டின. போர்வீரர்களுக்காக வசூலித்த வரையில் பாராட்டியவர்களுக்கு இது உறுத்தியது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வது ஏற்கத்தக்கது.

பெண்கள் ஆடக் கூடாது என்று உத்தரவிடச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. தன் உறுப்பினர் கழகங்களிடம் ‘மைதானம் தராதீர்கள்’ என்று சொல்ல முடியும், சொன்னது. உறுப்பினர்கள் பெண்கள் ஆட்டத்துக்கு நடுவராகவும் போகக் கூடாது. பெரிய மைதானம் போனால் கேலரி போகும், நுழைவுச்சீட்டு போகும், பத்திரிகைச் செய்தியும் மெல்லக் குறையும். பூங்காத் திடல்களிலும் ரக்பி மைதானங்களிலும் எவ்வளவு நன்றாக ஆடினாலும் 50,000 பேரை நிறுத்த இடமில்லை. பல அணிகள் சில ஆண்டுகளில் மறைந்தன.

டிக், கெர் மறையவில்லை. 1922-இல் கப்பலேறினார்கள். கனடாவில் அங்குள்ள சங்கமும் கதவைச் சாத்தியது. அமெரிக்காவிலோ, எதிரே நின்றவை ஆண்கள் அணிகள்! ஒன்பது ஆட்டங்களில் மூன்று வெற்றி, மூன்று சமன், மூன்று தோல்வி. 1926 வாக்கில் ஃபிராங்க்லண்டுக்கும் தொழிற்சாலையின் புதிய உரிமையாளர்களுக்கும் ஒத்துப்போகாமல் அணி ‘பிரெஸ்டன் லேடீஸ்’ என்று பெயர் மாறியது. தொழிற்சாலை வேலை என்ற தூண்டில் போனதும், அருகிலிருந்த விட்டிங்ஹாம் மனநல மருத்துவமனை அந்த இடத்தை நிரப்பியது. லில்லி பார் அங்கே செவிலியராகி, 1951 வரை ஆடினார். என் பார்வையில் அணி பிழைத்ததற்கு முதல் காரணம் இந்தச் சம்பளம்தான். மைதானத்தைப் பறிக்க முடிந்த சங்கத்தால் வேலையைப் பறிக்க முடியவில்லை. 1937-இல் எடின்பரோ அணியை 5-1 என்று வென்று, உலகச் சாம்பியன் என்றே தங்களை அழைத்துக்கொண்டார்கள்.

ஃபிராங்க்லண்ட் 1957-இல் இறந்தார். கேத் லாத்தம் பொறுப்பேற்றார். புதிய ஆட்டக்காரர்கள் போதுமான அளவு கிடைக்காமல் 1965-இல் அணி முடிந்தது. 800-க்கு மேற்பட்ட ஆட்டங்கள், 750-க்கு மேல் வெற்றி. சங்கம் தடையை நீக்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1970-களின் தொடக்கத்தில். மன்னிப்புக் கேட்டது 2008-இல். லில்லி பார் 1978-இல் இறந்தார். தேசியக் கால்பந்து அருங்காட்சியகத்தின் புகழ்க்கூடத்தில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான், 2002-இல். 2019 முதல் மான்செஸ்டரில் அவருக்குச் சிலை இருக்கிறது.

அவர் 900-க்கு மேல் கோல் அடித்தார் என்று எங்கும் படிப்பீர்கள். அதை இன்றைய லீக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம். அணி ஆடியவை பெரும்பாலும் நிதிதிரட்டும் காட்சி ஆட்டங்கள். எதிரணிகளின் தரம் ஊருக்கு ஊர் மாறும். அவர் திறமையை எடைபோட ஆண்கள் அணிகளோடு அமெரிக்காவில் சமமாகப் பிரித்துக்கொண்ட அந்த ஒன்பது ஆட்டங்களைப் பாருங்கள். அப்போது அவருக்கு வயது 17.