பழங்குடி விவசாயிகளுக்கு உதவிய பாதிரியார்கள் மதம் மாற்றத்தானே வந்தார்கள்?

மதம் மாற்றவும்தான் வந்தார்கள். அவர்களே அதை மறைக்கவில்லை. வேறொன்றும் செய்யவில்லை என்ற தொனியில் நீங்கள் கேட்பதுதான் உறுத்துகிறது. நான் கிறிஸ்தவனும் அல்ல, யாருக்கும் வக்காலத்து வாங்கவும் வரவில்லை. ஜார்க்கண்டின் குந்தி பக்கம் ஒரு வங்கிக் கிளையில் விவசாயக் கடன் பார்த்தவன்.

முண்டா பழங்குடி விவசாயி ஒருவர் கிணறு வெட்டக் கடன் கேட்டு வந்தார். பிளாஸ்டிக் உறையிலிருந்து 'கத்தியான்' எனப்படும் நில உரிமைப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். மடிப்புகள் நைந்து, இரண்டு இடங்களில் ஓட்டை. தாத்தாவின் பெயர்மேல் விரலை வைத்துக் காட்டினார். நான் பரிந்துரைத்தும் மேலிடம் திருப்பியனுப்பிவிட்டது: ஏலம் விட முடியாத நிலமாம். சொன்னதும் சிரித்தார். "ஏலம் போகக் கூடாது என்றுதானே சார் சட்டமே போட்டார்கள்!"

அது 1908ஆம் ஆண்டின் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டம். பழங்குடியினர் நிலத்தை வெளியார் வாங்குவதற்கு அதன் 46ஆம் பிரிவு இன்றும் தடை. காட்டைத் திருத்திய வம்சத்தாருக்குச் சேர்ந்த 'குந்த்கட்டி' உரிமை அதில் இடம்பெற உழைத்தவர் ஜான் ஹாஃப்மன் என்ற ஜெர்மானிய இயேசு சபைப் பாதிரியார். 1899 கிறிஸ்துமஸ் சமயத்தில், ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்த முண்டா தலைவர் பிர்சா முண்டாவின் ஆட்கள் அம்பு எய்தது அவர் இருந்த சர்வாடா மிஷன்மீதும்தான். அதன் பிறகும் அந்த மக்களுக்காகவே எழுதிக்கொண்டிருந்தார். பிர்சாவின் கிளர்ச்சி இல்லாமல் சட்டம் வந்திருக்காது. அதை மறந்தேன் என்று பின்னூட்டத்தில் பாய வேண்டாம்.

நிலம் மிஞ்சினால் மட்டும் போதாது, வட்டிக்காரனிடம் போகாமலும் இருக்க வேண்டுமே. 1909இல் ஹாஃப்மன் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். விதைநெல்லுக்குத் திண்டாடாதிருக்க ஊர் ஊராக நெல் வங்கிகள். உறுப்பினர் சேமிப்பு உறுப்பினருக்கே கடனாகப் போனது. எங்கள் வங்கியால் முடியாததை அவர் அன்றே செய்திருக்கிறார். முதல் உலகப் போரில், ஜெர்மானியர் என்பதால் 1915இல் வெளியேற்றப்பட்டார். ஊருக்குப் போயும் முண்டா வாழ்க்கையைப் பற்றிய 'என்சைக்ளோபீடியா முண்டாரிகா'வை விடாமல் எழுதினார், 1928இல் காலமானார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் மனம் ஆறாது. முண்டாரி பேசும் ஊருக்கு என்னை அனுப்பிவிட்டு, இந்தித் தேர்வில் தேறினால் ஊக்கத்தொகை என்றார்கள். முண்டாரி படிக்க ஏற்பாடு உண்டா என்று கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. மாற்றல் உத்தரவு மட்டும் உரிய காலத்தில் வந்தது.