அம்மாவின் மாதிரியைக் கொடுத்தால் வழக்கு போய்விடுமா?

கேள்வி: 2009 மே மாதம் வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்த அண்ணாவை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்டு ஆட்கொணர்வு மனு போட்டிருக்கிறோம். அம்மாவுக்கு 76 வயது, சலரோகம். கொக்குத்தொடுவாய் மனிதப் புதைகுழியில் எலும்புகள் எடுத்ததிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. ஒருவர் வீட்டுக்கு வந்து, அம்மாவின் எச்சிலைப் பஞ்சில் எடுத்துத் தந்தால் வெளிநாட்டில் டி.என்.ஏ. பார்க்கலாம் என்கிறார். கொடுத்தால், அண்ணா இறந்ததை ஒப்புக்கொண்டதாகிவிடுமா? (புதுக்குடியிருப்பு வாசகி)

பதில்: ஆகாது தங்கச்சி. மாதிரி கொடுப்பதும் தேடலின் ஒரு பகுதிதான். மரணச் சான்றிதழ் எடுக்கும் கதை வேறு. அதை வேண்டாம் என்பவர்களுக்காகத்தான் 2016 இல், ஆள் இறந்ததாகச் சொல்லாமல் காணாமல் போனதாக மட்டும் சொல்லும் காணப்படாமைச் சான்றிதழ் சட்டத்தில் வந்தது.

ஆனால் வீட்டுக்கு வந்தவரிடம் கொடுக்காதீர்கள். யார் எடுத்தது, எந்த உறையில் இட்டு ஒட்டியது, யார் கையிலிருந்து யாருக்குப் போனது என்ற பதிவு இல்லாத மாதிரியை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு ஒரே கேள்வியில் உடைத்துவிடும். தவிர, ஒப்பிட வேண்டிய எலும்புகள் நீதிமன்றப் பொறுப்பில் இருக்கும்போது அவர் எதோடு ஒப்பிடப் போகிறார்?

மண்ணுக்குள் வருடக்கணக்காகக் கிடந்த எலும்பில் டி.என்.ஏ. துண்டு துண்டாக உடைந்திருக்கும். வழமையான முறைக்குக் கொஞ்சம் நீளமான துண்டுகள் தேவை. புதிய வரிசைப்படுத்தல் கருவிகள் சின்னத் துண்டுகளையும் வாசிக்கும். வாசித்தாலும் ஒப்பிட உறவின் மாதிரி வேண்டும். தாயிடமிருந்து மட்டும் பிள்ளைகளுக்கு வரும் தாய்வழி டி.என்.ஏ. உங்களிடமும் இருக்கிறது, ஆனால் உங்கள் பெரியம்மா, சின்னம்மா பிள்ளைகளிடமும் அதுவே இருப்பதால், அது மட்டும் ஆளை உறுதிப்படுத்தாது. பிள்ளையின் மற்ற டி.என்.ஏ.யில் சரிபாதி தாயினுடையது. சகோதரங்களுக்கு அப்படிக் கணக்காகச் சொல்ல முடியாது. அதனால் அம்மா இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். அண்ணாவுக்குப் பிள்ளை இருந்தால் பிள்ளையும் அண்ணியும் சேர்ந்து கொடுக்கலாம். அண்ணியின் மாதிரி தனியாக உதவாது.

சரி, செய்ய வேண்டியது: உங்கள் சட்டத்தரணி மூலம் முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றில் விண்ணப்பியுங்கள். சட்ட வைத்திய அதிகாரி அம்மாவின் இரத்தத்தை எடுத்துப் பாதுகாக்க வேண்டும், அந்த எலும்புகளோடு ஒப்பிட வேண்டும் என்று கேளுங்கள். உறவினருக்கு உண்மையை அறியும் உரிமை உண்டு என்கிறது, வலிந்து காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான 2018 இன் 5ஆம் இலக்கச் சட்டம், அதையும் காட்டுங்கள். ஆட்கொணர்வு மனு அதன் பாட்டில் நடக்கும்.

அண்ணா சின்னவயதில் மரத்தால் விழுந்து கை முறிந்ததென்று கடிதத்தின் மூலையில் எழுதியிருக்கிறீர்கள். பொருந்திய முறிவு எலும்பில் பெரும்பாலும் தெரியும். எந்தக் கை, எத்தனை வயதில், கட்டுப் போட்டது ஆஸ்பத்திரியிலா பரியாரியாரிடமா என்று அம்மா சொல்லச் சொல்ல எழுதி, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.