முதலில் கழுத்து, பிறகு ஓட்டம்

டவுன் சின்ட்ரோம் (பிறப்பிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கும் நிலை) உள்ள இளையோரின் உடற்பயிற்சி பற்றி இம்முறை வந்த கேள்விகள்.

பாடசாலையில் மகனுக்குக் குட்டிக்கரணம் பழக்குகிறார்கள். விடலாமா? (ஒட்டுசுட்டான்)

வேண்டாம். இவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது கழுத்தின் உச்சியிலுள்ள இரண்டு எலும்புகளின் பிணைப்புத் தளர்வாக இருக்கும். கழுத்து மடங்கினால் நரம்பு நசியலாம். வைத்தியர் கழுத்தைப் பார்த்துச் சம்மதிக்கும்வரை குட்டிக்கரணமும் கூடாது, குளத்தில் தலைகீழாகப் பாய்வதும் கூடாது.

மகளுக்கு என்ன பயிற்சி நல்லது? (முள்ளியவளை)

வயது, நிறை, இதயச் சத்திரசிகிச்சை நடந்ததா, ஒன்றுமே எழுதவில்லையே! இவர்களில் பாதிப் பேர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள். கிளினிக் கொப்பியைப் பார்த்துத் திரும்ப எழுதுங்கள்.

நாளுக்கு எவ்வளவு நேரம்? (நெடுங்கேணி)

17 வயதுவரை 60 நிமிடம். மற்றப் பிள்ளைகளுக்கும் அதே கணக்குத்தான். பத்துப் பத்து நிமிடமாகப் பிரியுங்கள்.

19 வயது மகன் சரியான சோம்பல். நாள் முழுக்கக் கதிரைதான். நிறையும் ஏறிவிட்டது. (மாங்குளம்)

சோம்பல் என்ற சொல்லை முதலில் விடுங்கள். உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்திலேயே காரணம் இருக்கிறது: தம்பி தண்ணீர் அள்ளிக் கொடுக்கிறான், அக்கா கோப்பை கழுவுகிறாள், கடைக்குப் போக ஓட்டோ. பிறகு அவன் எதற்கு எழும்புவான்? "பாவம் பிள்ளை, இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லியே இந்தப் பிள்ளைகளை இருத்திவிடுகிறோம். போகிற வீடெல்லாம் கையில் பணிஸ் வேறு. பிறப்பிலேயே தசை இறுக்கம் குறைந்தவர்களுக்கு மருந்தே வேலைதான். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி குறைவாகச் சுரந்தாலும் உடல் சோர்ந்து நிறை ஏறும். ஆகவே இரத்தம் சோதியுங்கள். இதயமும் கழுத்தும் தாங்குமா என்று வைத்தியரைக் கேட்டுவிட்டு வேலை கொடுங்கள். என்னிடம் வரும் ஒரு பையன் வெறும் வாளியில் தொடங்கினான். அப்புறம் கால் வாளி, அரை வாளி. இப்போது நிறைவாளியை மாமரத்தடிவரை சிந்தாமல் கொண்டுபோகிறான், நாக்கைக் கடித்துக்கொண்டு, குதியை ஊன்றி ஊன்றி. வாயால் ஏவாதீர்கள், செய்து காட்டுங்கள். கேட்பதைவிடப் பார்த்துத்தான் இவர்கள் விரைவாகப் பழகுவார்கள்.

220இல் வயதைக் கழித்தால் வருவதுதான் உச்ச நாடித்துடிப்பு என்கிறார்கள். அதை வைத்துப் பயிற்சியின் அளவைப் பார்க்கலாமா? (வவுனியா)

இவர்களுக்குப் பொருந்தாது. உச்சத் துடிப்பு அந்தக் கணக்கைவிட நிமிடத்துக்கு 25, 30 குறைவாகவே இருக்கும். நடக்கும்போது கதைக்க முடிகிறதா என்று பாருங்கள், போதும்.

மகள் சில நாளாகத் தடுமாறி நடக்கிறாள், சிறுநீரும் தெரியாமல் போகிறது. பயிற்சியைக் கூட்டவா? (கிளிநொச்சி)

உங்களுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டேன், மற்றவர்களுக்காக எழுதுகிறேன். இதற்குக் கடிதம் எழுதிக் காத்திருக்கக் கூடாது. கழுத்தில் நரம்பு நசிந்தால் இப்படித்தான் காட்டும். பயிற்சியை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். போகும்போது கழுத்து ஆடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் முதல் வார்த்தையாகக் கழுத்தைச் சொல்லுங்கள்.